இருபது அங்குலச் சில்லும் பின்னறை வைஃபையும்

1

கார் வாங்கப் போகிறவர்களும் வீட்டுக்கு வைஃபை பூட்டப் போகிறவர்களும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். இது எப்படித் தொடங்கியது என்று எனக்கே விளங்கவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, எந்தப் பக்கம் ஏறி உட்கார வேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் இலங்கையின் கிழக்கில், என் ஊர்ப் பக்கமான மருதமுனையிலும் கல்முனையிலும் என்னைப் பற்றி வேறு எண்ணம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு வயர் வைத்த பொருள், சில்லு வைத்த பொருள் எல்லாமே தெரியும் என்று நினைக்கிறார்கள். நானும் இத்தனை காலம் மறுத்துச் சொல்லவில்லை. அது என் பிழைதான்.

போன வாரம் என் தங்கை பஸ்மியாவின் கல்யாணத்துக்கு ஒரு வருடம் நிறைந்தது. அதே நாளில் சாய்ந்தமருதிலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"தம்பி, கார் ஒண்டு பாத்திரிக்கன். சில்லு பதினாறு இஞ்ச் போடவா, பதினெட்டுப் போடவா? மறுகா, எங்கட மாடிக்கு வைஃபை வருதில்ல. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க."

இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் பஸ்மியாவின் நிக்காஹ் நடந்த நாளைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இனி குரல் பதிவு அனுப்ப வேண்டாம்.

2

முதலில் சில்லு.

பஸ்மியாவின் கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பு என் காரை வாங்க நான் கடைக்குத் தனியாகப் போகவில்லை. என் அக்கா ராத்தாவின் கணவர் நிஸாம் மச்சானும் போனில் கூட வந்தார். கல்முனைப் பிரதான வீதியில் டயர் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் வட்டமாக இருக்கிற எதைப் பற்றியும் கடைசி வார்த்தை அவருடையதுதான். பெருநாளைக்குச் சுடுகிற ரொட்டியைப் பற்றிக்கூட அபிப்பிராயம் சொல்லுவார்.

கடையில் இருந்த பெண்மணி மிகப் பொறுமைசாலி. பதினேழு அங்குலம், பதினெட்டு, இருபது என்று மூன்று சில்லுகளைக் காட்டினார். நான் போனை நீட்டினேன்.

"கீழ பிடிங்க மச்சான். இன்னும் கீழ. எனக்கு உங்கட சப்பாத்துதான் தெரியுது."

நான் நிலத்தில் குந்தினேன். நான் எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து அந்தப் பெண்மணியும் குந்திவிட்டார். மூன்று பேருமாகச் சில்லைப் பார்த்தோம்.

"பதினேழா? அது வேனுக்குப் போடுற சாமான். இருபதப் போடுங்க. ஊருக்குப் போட்டோ அனுப்பினா ஒரு பார்வை இரிக்க வேணாமா?"

மற்றத் தெரிவுகளும் அவருடைய தீர்ப்புக்குப் போயின. சூடேறுகிற இருக்கை வேண்டுமா என்று கேட்டேன்.

"இருக்கைக்குச் சூடா? இஞ்ச மோட்டச்சைக்கிள வெயிலுக்க விட்டுட்டு ஏறிக் குந்தினா அது சும்மா வருது. வேணாம்."

இங்கே வெயில் இல்லை என்பதை நான் சொல்வதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். கடைசியில் அந்தப் பெண்மணி ஒன்றைச் சொன்னார். இருபது அங்குலச் சில்லு எடுத்தால் உபரிச் சில்லு வராது, அதற்குப் பதிலாக நுரை நிரப்பிய ஒரு போத்தல் தருவார்கள். டயரில் ஓட்டை விழுந்தால் அந்த நுரையை உள்ளே அடிக்க வேண்டும். மச்சானிடம் சொன்னேன். இங்கிலாந்தில் எவனுக்கு டயர் வெடிக்கப் போகிறது என்று கேட்டார். கேட்ட தொனியைப் பார்த்தால் வெடிப்பதென்றால் கல்முனைக்கு வந்துதான் வெடிக்க வேண்டும் போலிருந்தது.

போட்டோ அனுப்பினேன். ஊர் பார்த்தது. காரின் முன்பக்கத்தை, நிறத்தை யாரும் கேட்கவில்லை, சில்லை மட்டும் கேட்டார்கள். உம்மா மட்டும் பயந்துபோய்ச் சொன்னார்: "மனே, இந்த மினுக்கத்துக்கு நாவூறு படும். சில்லுல கொஞ்சம் கரி பூசி வை." நான் கரிக்கு எங்கே போவேன்? கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு சில்லிலும் ஒரு புள்ளி வைத்தேன். முதல் மழைக்கே போய்விட்டது.

ஆகவே, சாய்ந்தமருதுக்காரருக்கு என் முதல் ஆலோசனை இது. சில்லு பெரிதாகப் பெரிதாக அதைச் சுற்றியிருக்கிற ரப்பர் மெலியும். ரப்பர் மெலிந்தால் ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் உங்கள் முதுகுக்கு நேரே வந்து முகவரி கேட்கும். சின்னச் சில்லும் தடித்த டயரும் எடுங்கள். உபரிச் சில்லு தருகிறார்களா என்று கேளுங்கள். காரை நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்கள், போட்டோ பார்க்கிறவர்கள் இல்லை. இதை நான் விளங்கிக்கொள்ள ஐந்து மாதம் எடுத்தது.

3

பஸ்மியாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தபோது நான் ஊருக்குப் போகிறதாகத்தான் இருந்தது. வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவளுக்கு வலி நான்தான், தகப்பன் இடத்தில் நின்று முடித்துக் கொடுக்கிற பொறுப்பாளன். நிக்காஹுக்கு முன் பெண்ணிடம் போய், "இந்த மாப்பிள்ளைக்கு உன்னை முடித்துக் கொடுக்க உனக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டியவன். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் நான் ஏறும்போது ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டாள்: "என்ட கலியாணத்துக்கு வராட்டி நான் உங்களோட கதைக்க மாட்டன்." வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் என் கடவுச்சீட்டு அப்போது இங்கத்தைய ஓர் அலுவலகத்தில் இருந்தது. வதிவிட விண்ணப்பத்தோடு அனுப்பியது. திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று எழுதினேன். கடவுச்சீட்டைப் பற்றிய உங்கள் கடிதத்தைப் பற்றிய எங்கள் கடிதத்தைப் பார்க்கவும் என்று வந்தது. பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதாகத் தொலைபேசி எடுத்து முக்கால் மணிநேரம் பியானோ கேட்டேன். அந்தப் பாட்டு எனக்கு இன்றைக்கும் முழுதாக வரும்.

போக முடியாது என்று நிச்சயமானதும், என் சார்பில் கையெழுத்து வைக்க வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சாவுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்தேன். அதில் குற்றம் இல்லை, நடைமுறையில் உள்ளதுதான். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற பஸ்மியாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாச்சா கையெழுத்து வைக்கட்டும் காக்கா. ஆனா நீங்கதான் கேக்கணும். முகத்தப் பாத்துக் கேக்கணும். வேற ஆர் கேட்டாலும் நான் வாய தொறக்க மாட்டன்."

"வீடியோவில கேட்டாப் போதுமா?"

"போதாது. ஆனா கேளுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் ஒருமுறை சைக்கிள் வாங்கித் தராததற்கு ஒன்பது நாள் யாரோடும் பேசவில்லை. பத்தாம் நாள் வாப்பா சைக்கிளோடு வந்தார். ஆகவே எங்கள் வீட்டில் யாரும் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. நான் கேட்க வேண்டும், அவள் ஓம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்குள் இருந்து பல்லைக் கடிக்க வேண்டியதுதான். அத்தனையும் இப்போது என் வீட்டு வைஃபையை நம்பி நின்றது.

4

என் வீட்டு வைஃபையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் பெறுமதியான பொருளைக் கண்ணாடி அலுமாரியில் வைப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். இணையக் கம்பனி தந்த பெட்டியை முன்னறை அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளுக்கும் எவர்சில்வர் தட்டங்களுக்கும் நடுவில் வைத்தேன். தூசு படாமல் இருக்க என் மனைவி ரிஹானா அதற்கு மருதமுனைத் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். ஓரத்தில் சரிகை. பார்க்க மிக நன்றாக இருந்தது. முன்னறையைத் தாண்டினால் சிக்னல் இருக்காது.

எங்கள் மகள் ஹனாவுக்குப் பதினாறு வயது. ஐந்து வருடமாக இதைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தாள், ஆங்கிலத்தில். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். எல்லாம் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை மூன்று வாரத்தில் விட்டுவிட்டாள். பஸ்மியா மாமியோடு அவளுக்கு இருந்த உறவு முழுக்க முழுக்கப் பூப் படமும் சிரிக்கிற முகமும்தான். இதில் எனக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. யாரிடமும் சொல்லுவதில்லை.

நிக்காஹுக்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். கல்யாணத்தைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரப்போகிற இங்குள்ள ஊர்க்காரர்களை முன்னறையில் இருத்த இடம் போதாது. பின்னறைதான் பெரிது, தொலைக்காட்சியும் அங்கேதான். பஸ்மியாவின் முகம் திரையில் வந்தது, சதுரம் சதுரமாக உடைந்தது, வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போனது.

நான் சிக்னலைப் பெருக்கும் சின்னப் பெட்டிகள் மூன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன். சுவரில் குத்தினால் பச்சை லைட் எரியும். மூன்றையும் குத்தினேன். வீடு முழுக்கப் பச்சை லைட் எரிந்தது. பஸ்மியா வரவில்லை.

ஹனா ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் வீட்டைப் படமாகக் கீறினாள். அலுமாரியை வட்டம் போட்டாள். கண்ணாடி, எவர்சில்வர், துணி என்று ஒவ்வொன்றாக அம்புக்குறி போட்டாள். பெட்டியை வெளியே எடுத்து, உயரமாக, வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். மூன்று பச்சை லைட்டும் பலவீனமான சிக்னலை வாங்கி அதைவிடப் பலவீனமாகத் திருப்பித் தருகின்றன. முக்கியமான அழைப்புக்கு வைஃபையை நம்பக் கூடாது, பெட்டியிலிருந்து தொலைக்காட்சி வரைக்கும் நேரே வயர் இழுக்க வேண்டும். இருபது மீற்றர். இதெல்லாம் ஐந்து வருடமாகத் தான் சொல்லிவருவதுதான் என்றும் சொன்னாள். மாடிக்கு வைஃபை வராதவர்கள் இந்தப் பந்தியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கவும். ஆலோசனை என் மகளுடையது. நான் வெறும் எழுத்தர்.

5

மறுநாள், அங்கே பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். இங்கே முற்பகல் பதினொன்றரை. கடை திறந்ததும் வயர் வாங்கி வரலாம் என்று கல்யாண உடுப்போடேயே போனேன். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட், தொப்பி, குளிருக்கு அதன் மேல் ஒரு தடித்த ஜாக்கெட். வயர் கிடைத்தது. திரும்பி வரும் வழியில் மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு சின்னக் குட்டையைக் கண்டேன். குட்டைதானே என்று ஏற்றினேன்.

குட்டை இல்லை. கிணறு.

சத்தம் முதலில் கேட்டது, பிறகு கார் ஒரு பக்கம் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு வெட்டு. ஊரே பார்த்து வியந்த சில்லின் விளிம்பு உள்ளே மடிந்திருந்தது. நுரைப் போத்தலை எடுத்து அடித்தேன். அடித்த நுரை அத்தனையும் வெட்டு வழியாக வந்து என் சாரனில் விழுந்தது.

நிஸாம் மச்சானுக்கு வீடியோவில் எடுத்தேன். அவர் கல்யாண வீட்டில் புதுச் சேட்டோடு நின்றார்.

"மச்சான், காட்டுங்க பாப்பம். இன்னும் கிட்ட. யா அல்லாஹ், இது முடிஞ்சுது. டேய், எல்லாரும் வாங்க, இதப் பாருங்க!"

மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் என் டயரைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். நான் மச்சானிடம் கேட்டேன், டயர் கடைக்காரர் நீங்கள், இருபது போடச் சொன்னது என்ன நியாயம் என்று.

"கல்முனை ரோட்டுக்கெண்டா நான் பதினாறுதான் சொல்லியிருப்பன் மச்சான். இங்கிலாந்து ரோட்டிலயும் பள்ளம் இரிக்குமெண்டு நான் கனவா கண்டன்?"

நான் மடிந்த விளிம்பை இன்னொரு முறை அவருக்குக் காட்டினேன்.

"சரி, விடுங்க. நிண்ட இடத்திலயே போனில தங்கச்சிட்டக் கேட்டு முடிங்க" என்றார். கேட்டிருக்கலாம்தான். ஆனால் லொறிகள் போகிற ரோட்டின் ஓரத்தில், சாரனில் நுரையோடு, வெடித்த டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பத்து வருடமாக நான் வருவேன் என்று பார்த்திருந்த பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன் என்றேன். அத்தோடு போனின் சார்ஜும் குறைந்துகொண்டு வந்தது.

கார் இழுக்கும் சேவைக்கு எடுத்தேன். பாதுகாப்பான இடத்தில் நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். என் தங்கையின் கல்யாணத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாழ்த்துகள் என்றார்கள். இரண்டு மணிநேரத்துக்குள் வருவோம் என்றார்கள். அதோடு போன் அணைந்தது.

காரைப் பூட்டிவிட்டு நடந்தேன். ஒன்றரை மைல். சாரனை மடித்துக் கட்டி, மஞ்சள் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதி ஓட்டம் பாதி நடை. பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார முதியவர் என்னை நிறுத்தி, இணையம் பூட்டுகிறவரா என்று கேட்டார். விளக்கம் சொல்ல நேரமில்லை, ஆமென்றேன். தன் வீட்டு முகவரியைச் சொல்லி, செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலை செய்யவில்லை என்றார். இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். என்னை மன்னிக்கட்டும்.

6

வீட்டுக்குள் நுழையும்போது பதினொன்று இருபது. பின்னறையில் நம் ஊர்க்காரர்கள் இருபது பேர். ஹனா என் தோளிலிருந்து வயரைப் பறித்து, அலுமாரியைத் திறந்து, சரிகை உறையைக் கழற்றி எறிந்து, ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைத் தொலைக்காட்சியிலும் குத்தினாள். பஸ்மியா வந்தாள். மணப்பெண்ணாக, தலையில் முக்காடோடு. வந்தவள் உடனே மறுபடி சதுரமாக உடைந்தாள்.

ஹனா அறையைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருபது பேரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். கல்முனையில் நடக்கிற கல்யாணத்தை என் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து படம் பிடித்து, கல்முனையில் இருக்கிற தங்கள் சொந்தக்காரர்களுக்கு நேரலையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் என் வைஃபையில். கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி முன்கதவில் ஒட்டியவன் நான்தான். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிறோம், அதுபோலத்தான் நான் நினைத்தேன்.

எல்லாரையும் வெட்டிவிட வேண்டும் என்று ஹனா காதுக்குள் சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது. சாப்பிடுகிறவரின் முன்னாலிருந்து சோறு போட்ட சகனை எடுக்கிற வேலை அது. நம் ஆட்களிடம் அப்படிச் சொல்ல முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தன் போனில் எதையோ இரண்டு தட்டுத் தட்டினாள். இருபது போனும் ஒன்றாக நின்றன. இருபது தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

"என்ன, லைன் போய்ட்டு?" என்றார் முன்வரிசையில் இருந்த ஹாஜியார்.

"ஊரில கரண்ட் போயிருக்கும்" என்றாள் ரிஹானா, கண் இமைக்காமல்.

"அங்க லைட் எரியுதே புள்ள?"

"அது ஜெனரேட்டர்."

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஜெனரேட்டர் என்றால் கேள்வி இல்லை. விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு வைஃபை வைக்கலாம், அதற்கு அளவும் போடலாம் என்று ஹனா பிறகு எனக்குச் சொல்லித் தந்தாள். வையுங்கள். கதவில் அந்தக் கடவுச்சொல்லை ஒட்டுங்கள்.

7

படம் தெளிந்தது. பஸ்மியாவின் கையில் இருந்த மருதோன்றிக் கோடு வரைக்கும் தெரிந்தது. பக்கத்தில் உம்மாவும் ராத்தாவும் இருந்தார்கள். வாசல் படியில் சாச்சா நின்றார். அவருக்குப் பின்னால் இருந்து மௌலவியின் குரல் மட்டும் கேட்டது: "வலி கேக்கட்டும்."

நான் தொலைக்காட்சிக்கும் அதன் மேலிருந்த காமராவுக்கும் முன்னால் போய் நின்றேன். என்ன கேட்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அது காரில் இருந்தது.

"தங்கச்சி," என்றேன், "இந்த மாப்பிள்ளைக்கு உன்ன முடிச்சுத் தர உனக்குச் சம்மதமா மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அசையவில்லை. கண் கூட இமைக்கவில்லை. ஒரு செக்கன், இரண்டு, ஐந்து, பத்து. வாய் பாதி திறந்தபடி நின்றது.

"லைன் நிண்டுட்டு!" என்று கத்தினேன். "ஹனா, பெட்டிய நிப்பாட்டிப் போடு! கெதியா!"

"நிப்பாட்டாதீங்க காக்கா."

குரல் தெளிவாக வந்தது. "லைன் நல்லா இரிக்கி. நான்தான் அழுறன்."

பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் காக்கா. சம்மதம்" என்றாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அல்ஹம்துலில்லாஹ் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நுரை காய்ந்த சாரனோடு, வாயைத் திறந்துகொண்டு, அப்படியே நின்றேன். அந்தப் பக்கத்தில் நிஸாம் மச்சானின் தலை திரைக்குள் வந்து என்னை உற்றுப் பார்த்தது.

"காக்காட பக்கம் நிண்டுட்டு!" என்று கத்தினார். "வயரப் பாருங்கடா! மச்சான், கேக்குதா? மச்சான்?"

அப்போது ஹனா என் தோளுக்கு மேலால் எட்டி, காமராவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

"லைன் போகல்ல மாமி," என்றாள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "வாப்பாவும் அழுறாரு."

இரண்டு நாட்டிலும் எல்லாரும் சிரித்தார்கள். பஸ்மியாவும் சிரித்தாள். எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே இன்னொரு முறை, சத்தமாக, "ஓம் காக்கா" என்றாள்.